மூன்றாவது எலுமிச்சம்பழம்

யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் மஞ்சள் அட்டை போட்ட கையேடு ஒன்று கொடுத்திருப்பார்கள். பைக்கை டிரெய்லரில் எப்படி ஏற்றுவது, பெல்ட்டை எங்கே மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது எல்லாம் அதில் படத்தோடு இருக்கிறது. நல்ல புத்தகம், படியுங்கள். அதையே நான் திரும்பச் சொல்லி உங்கள் டீ நேரத்தைக் கெடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் ஹெப்பாளில் இதே யார்டில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டினேன். கடைசிப் பத்து வருஷம் லோடிங் சூப்பர்வைசர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும், நான் சொன்னது தப்பு என்று யாராவது நிரூபித்துவிட்டால் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் முட்டாள் வேறு யாருமில்லை, நான்தான்.

முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் இந்த வீல் சாக் வருவதற்கு முன்னால் நாங்கள் பைக் ஏற்றிய லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சைடு ஸ்டாண்டைப் போட்டு, கயிறு கட்டி, இடுக்கில் சாக்கும் வைக்கோலும் திணித்து, மேலே சாமியை நினைத்துக்கொண்டு அனுப்பிவிடுவோம். ஒரு தடவை வீடு மாற்றும் சாமான்களோடு ஒரு பைக்கைப் பெங்களூருக்கு அனுப்பினோம். அங்கே கதவைத் திறந்து பார்த்தால், பைக் அந்த வீட்டுக்காரரின் மெத்தைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்ததாம். ஹேண்டில்பாருக்குத் தலையணைகூட இருந்ததாம். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. மெத்தை முழுக்க ஆயில். அந்த வீட்டுக்காரரின் மனைவி போனில் பேசிய பேச்சில் கன்னடத்தில் எனக்குத் தெரியாத சில வார்த்தைகளைக் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீல் சாக் வேண்டும் என்று முதலாளியை மூன்று மாதம் நச்சரித்தேன். இப்போது நீங்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பீர்கள். அப்போது எங்களுக்கு அது அதிசயம். டிரெய்லரின் தரையில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்புக் கூடு. உள்ளே சீசா மாதிரி ஒரு வளைந்த தகடு. பைக்கின் முன்சக்கரம் அதன்மேல் ஏறியதும் தகட்டின் முன்பக்கம் கீழே இறங்கும், பின்பக்கம் எழும்பிச் சக்கரத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த ‘டக்’ வந்துவிட்டால் நீங்கள் கையை விட்டாலும் பைக் நிமிர்ந்து நிற்கும். அதற்கப்புறம்தான் பெல்ட். முதலாளி கடைசியில் ஒரு டிரெய்லரில் மூன்று வீல் சாக் போட்டுக் கொடுத்தார். இது சரிப்பட்டு வரவில்லையென்றால் உன்னைப் பழையபடி அட்டைப்பெட்டி கட்ட அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார்.

அந்த டிரெய்லரின் முதல் லோடு மஞ்சுளாவுடையது.

மஞ்சுளாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரம். பதினோரு வருஷமாக ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தது அந்தப் பெண். வேலையை விட்டுவிட்டு, மூன்று பழைய பைக் வாங்கி, ராமாபுரத்தில் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஆரம்பிக்கப்போவதாக வந்து நின்றது. ஸ்கூட்டி இல்லை, கியர் வைத்த பைக். ஏன் ஸ்கூட்டி கூடாது என்று கேட்டேன். வீட்டுக்கு வீடு நிற்பது ஆம்பிளைகள் வாங்கின பைக்தான், வாசலில் சும்மா நிற்கிற வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டால் போதும், இன்னொன்று எதற்கு என்றது.

வகுப்புக்கு இடம் கொடுத்தது மஞ்சுளாவின் அண்ணன். வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. அதே மனையை ஒரு சிமெண்ட் கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தங்கையிடம் சொன்ன கணக்கு இதுதான். விஜயதசமியன்று மத்தியானத்துக்குள் ஊர்ப் பெண் ஒருத்தியாவது வண்டியில் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் இடம் தங்கைக்கு. இல்லாவிட்டால் அன்று மாலையே சிமெண்ட் மூட்டை இறங்கும். மஞ்சுளா வீடு வீடாகப் போய் பதினோரு பேரிடம் பெயர் வாங்கி வைத்திருந்தது. விஜயதசமியன்று மூன்று வண்டியும் அங்கே நிற்க வேண்டும், அதுவும் கீறல் இல்லாமல். வண்டி விழுந்த அடையாளத்தோடு போனால் பெயர் கொடுத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள் என்று என்னிடம் நாலு தடவை சொன்னது. நானும் நாலு தடவை, அம்மா இது வீல் சாக், என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

லோடு ஏற்றியது ஆயுத பூஜையன்று காலையில். மைசூரில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்குத் தெரியும். ஸ்பானர் முதல் ஜெனரேட்டர் வரை எல்லாவற்றுக்கும் விபூதி, குங்குமம், செவ்வந்திப் பூ. எங்கள் டிரெய்லருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது எலுமிச்சம்பழம் நசுக்குவது ஒன்றுதான். அங்கேதான் வந்தது வினை.

டிரைவர் சித்தராஜு டிரெய்லரை இழுக்கும் ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டு ரெடி என்றான். பைக்குக்கு எங்கே பழம் என்றது மஞ்சுளா. பைக் ஓடப்போவதில்லையே, டிரெய்லர்தானே ஓடுகிறது என்றான் சித்தராஜு. பூஜை என் வண்டிக்கா உன் வண்டிக்கா என்றது மஞ்சுளா. யார்டே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஓடாத சக்கரம் பழத்தை நசுக்க முடியாது என்று ஒரு கட்சி. நசுக்காமல் போனால் திருஷ்டி கழியாது என்று இன்னொரு கட்சி. அக்கவுண்ட்ஸ் மேடம்கூட வெளியே வந்து அபிப்பிராயம் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். மணி பத்தேகால்.

சித்தராஜு ஜீப்பை விட்டு இறங்கி என்னிடம் வந்தான். அவன் கன்னடக்காரன், என்னோடு பேசும்போது மட்டும் கன்னடம் கலந்த தமிழ்.

“ஸார், அந்த அம்மா மனசு நொந்துகொண்டு வர்றா. நான் ஸ்டேரிங் தொடமாட்டேன். நீங்களே ஏனாதரூ மாடி.”

ஏதாவது செய்யுங்கள் என்றால் நான் சும்மா இருப்பேனா. மூளை வேலை செய்தது. வீல் சாக்கில் ஏறும்போது பைக்கின் முன்சக்கரம் எப்படியும் ஒரு முழம் உருளுகிறது. அந்தத் தகட்டின்மேலேயே பழத்தை வைத்துவிட்டால் ஏறும்போதே நசுங்கிவிடும். பைக்கும் ஓடின மாதிரி ஆச்சு, பூஜையும் ஆச்சு. இதைச் சொன்னதும் இரண்டு கட்சியும் கைதட்டியது. சூப்பர்வைசர் என்றால் சும்மாவா என்று அக்கவுண்ட்ஸ் மேடம் சொன்னது என் காதில் விழுந்தது. இந்த இடத்தைக் கவனியுங்கள். ஊரே உங்களைப் பாராட்டுகிற நேரத்தில்தான் உங்கள் கண் மூடும்.

முதல் பைக் ஏறியது, பழம் நசுங்கியது, ‘டக்’. இரண்டாவது ஏறியது, நசுங்கியது, ‘டக்’. மூன்றாவது ஏறும்போது பழம் முன்னால் உருண்டு தகட்டுக்கு அடியில் போய் விழுந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. சக்கரம் ஏறியது. ‘ச்சக்’ என்றது. அது ‘டக்’ இல்லை என்பது என் காதுக்குத் தெரியும். ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது, சித்தராஜு கடிகாரத்தைக் காட்டுகிறான், மஞ்சுளா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்திருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷம் எனக்கு அபசகுனமாகப் பட்டது. பெல்ட்டை இறுக்கு, கிளம்பு என்றேன்.

ஜீப்பில் சித்தராஜு, நான், மஞ்சுளா. பூஜைக்காக அந்தப் பெண் பச்சைப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்திருந்தது. வழியெல்லாம் வீல் சாக்கின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். சித்தராஜு கொட்டாவி விட்டான். டி. நரசீபுரம் தாண்டி ஒரு கிராமத்து முனையில் அடுத்தடுத்து மூன்று வேகத்தடை, எங்கள் பாஷையில் ஹம்ப். மூன்றாவது ஹம்ப் ஏறி இறங்கியதும் மஞ்சுளா கண்ணாடியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது.

“அண்ணா, அந்தக் கடைசி வண்டி பஸ்ஸுல தூங்கறவன் மாதிரி பக்கத்து வண்டி மேல சாயுதுங்க.”

இறங்கிப் பார்த்தேன். பழத்தின்மேல் தகடு உயர்ந்து நின்றபோது நாங்கள் பெல்ட்டை இறுக்கியிருக்கிறோம். ஹம்ப்பில் குதித்துக் குதித்துப் பழம் சப்பையாகிவிட்டது. பைக்கின் முகம் இரண்டு விரற்கடை கீழே இறங்கியதும் முன் பெல்ட் இரண்டும் தொளதொளத்துவிட்டன. பழத்தோல் இடுக்கில் மாட்டியிருந்ததால் தகடும் முழுசாக இறங்கிப் பூட்டிக்கொள்ளவில்லை. பைக் பின்பக்க பெல்ட்டின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஹேண்டில்பார் பக்கத்து பைக்கின் டேங்க்கிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

சித்தராஜு சாய்ந்த பக்கத்து பெல்ட்டை இறுக்கக் கை வைத்தான். தொடாதே என்று கத்தினேன். அந்தப் பக்கம் இறுக்கினால் பைக் நேரே பக்கத்து வண்டிமேல் படுக்கும், அது முதல் வண்டியைத் தள்ளும், எல்லாம் முடிந்தது. அதற்குள் டீக்கடையிலிருந்து பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கயிறு கொண்டு வரட்டுமா என்றார். இன்னொருவர் ஏற்கனவே டிரெய்லரில் ஒரு காலை வைத்துவிட்டார். அந்த நேரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான். கை பரபரக்கும். பரபரக்கட்டும். தப்பு எங்கே என்று தெரியாமல் நீங்கள் தொடுகிற ஒவ்வொரு இடமும் இன்னொரு தப்பு.

குனிந்து பார்த்தேன். தகட்டுக்கு அடியில் மஞ்சளாக ஏதோ. என் மூளையின் விளைச்சல். அதை எடுக்க வேண்டுமென்றால் பைக்கைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த வேண்டுமென்றால் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் யார் தாங்குவது? இரண்டு பைக்குக்கும் நடுவில் ஆள் நிற்க இடமில்லை. நிமிர்த்திப் பிடிக்க ஒரே வழி, ஒருவர் பைக்கின்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிக்கொள்வதுதான். சித்தராஜு முன்வந்தான். அவன் எடை அவனுக்கே தெரியாது. உன்னை ஏற்றினால் சஸ்பென்ஷன் சமாதி ஆகிவிடும் என்றேன்.

மஞ்சுளா பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கவாட்டுச் சட்டத்தைப் பிடித்து ஏறி, சாய்ந்த பைக்கின்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டது.

“நான் புடிச்சுக்கறனுங்க. நீங்க பாருங்க,” என்றது.

நான் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் குப்புறப் படுத்தேன். சித்தராஜுவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்த ஸ்பூனால் எலுமிச்சந்தோலைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது தலைக்குமேல் ஏதோ மணிச் சத்தம். பார்த்தால் ஓர் அம்மாள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். பின்னால் பாதி ஊர். வாழைக்கன்று கட்டிய வண்டி, செவ்வந்திப் பூ, குங்குமம், பட்டுப்புடவையில் பைக்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெண். தசரா ஊர்வலத்துக்குப் போகிற அலங்கார வண்டி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நான் காலடியில் கிடப்பதைப் பார்த்து, இது யார், அசுரனா என்று ஒருவர் விசாரித்தார். மஞ்சுளாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் வண்டி ஆடும். உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தது. அதில் இன்னும் தெய்வக்களை கூடிவிட்டது என்று நினைக்கிறேன், இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

“மைசூர் ஆ கடெ அல்லவா? நீவு ஈ கடெ யாக்கே ஹோக்தா இத்தீரா?”

மைசூர் அந்தப் பக்கமாச்சே, இந்தப் பக்கம் ஏன் போகிறீர்கள் என்கிறார். நியாயமான கேள்வி. ஒத்திகை என்று சித்தராஜு சொல்லிச் சமாளித்தான்.

தோல் முழுசாக வந்தது. பைக்கைப் பின்னுக்கு இழுத்து, துடைத்து, மறுபடி முன்னுக்குத் தள்ளினோம். ‘டக்’. என் ஆயுசில் அவ்வளவு நல்ல சத்தம் கேட்டதில்லை. இறங்கலாம் என்று சொன்னேன். மஞ்சுளா உடனே இறங்கவில்லை. ஒரு காலை எடுத்து ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தது. அப்புறம் அடுத்த காலையும். வண்டி அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கியது. நான் பெல்ட் மாட்டும் அவசரத்தில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ராமாபுரம் போய்ச் சேரும்வரை வீல் சாக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் விஜயதசமி. பெயர் கொடுத்த பதினோரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். வந்தவர்களும் மனைக்குள் வராமல் வேலியோரம் நின்றார்கள். கால் எட்டாது என்றாள் ஒருத்தி. விழுந்தால் யார் சோறாக்குவது என்றாள் இன்னொருத்தி. வீட்டுக்காரர் வைவார் என்றாள் மூன்றாமவள். மஞ்சுளா கெஞ்சிக் கூத்தாடி பாப்பாத்தியக்கா என்கிற பால்காரம்மாவை ஒரு வண்டியில் உட்கார வைத்தது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பாதி உட்கார்ந்ததும் வண்டி லேசாக ஆடியது. ஐயோ சாமி என்று அலறிக் குதித்து வேலிக்கே ஓடிவிட்டது. அத்தோடு மற்ற ஆறு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக் கிளம்பத் தயாரானார்கள். அண்ணன் மனை நடுவில் நின்று போனை எடுத்துச் சிமெண்ட் கடைக்காரரோடு பேச ஆரம்பித்தார். மணி பதினொன்றரை. மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பெல்ட்டைச் சுருட்டுகிற மாதிரி பாவனை பண்ணினேன்.

மஞ்சுளா என்னிடம் வந்தது.

“அண்ணா, அந்த வீல் சாக்க கழட்டித் தருவீங்களா?”

அது கம்பெனிச் சொத்து, போல்ட் போட்டது, கழற்றக்கூடாது என்றேன். பழக்கதோஷம்.

“நேத்து அதுல உக்காந்து ரெண்டு காலையும் தூக்கிப் பாத்தனுங்க. வுழுவல. இவங்களுக்கு வண்டி ஓட்டறதுல பயமில்லீங்க. கால எடுக்கறதுலதான் பயம்.”

தோழர்களே, அதுவரை நான் அந்த இரும்பை வண்டியை நிறுத்தும் சாமான் என்றே நினைத்திருந்தேன். முதலாளியிடம் என்ன சொல்வது என்பதைத் திரும்பிப் போகும் வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். நாலு போல்ட். பைக் ஏற்றும் பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் வீல் சாக்கை முடுக்கினேன். சித்தராஜு பைக்கை உருட்டி வந்தான். ‘டக்’. இந்தத் தடவை நான் ஹேண்டில்பாரைப் பிடித்து ஆட்டினேன், உலுக்கினேன், தொங்காத குறை. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்தேன். அப்புறம் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். வண்டி நின்றது.

பாப்பாத்தியக்கா சந்தேகத்தோடுதான் வந்தது. உட்கார்ந்தது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டது. மஞ்சுளா சொல்ல, இடது காலைத் தூக்கி மேலே வைத்தது. வலது கால் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வண்டிக்கு நேர் முன்னால் நின்று போனில் மூட்டைக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

வலது காலும் மேலே போனது. வண்டி ஆடவில்லை. பாப்பாத்தியக்கா கீழே பார்த்தது, தன் இரண்டு காலையும் பார்த்தது, அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சரி, போதும், இறங்குங்கக்கா என்றது மஞ்சுளா. அந்த அம்மா காதில் வாங்கவே இல்லை.

“கண்ணு, இதுல ஆரன் எங்க இருக்குது?” என்று கேட்டது.

மஞ்சுளா காட்டியது. பாப்பாத்தியக்கா கட்டைவிரலால் அதை ஒரே அழுத்தாக அழுத்தியது.

ஓர் அங்குலம்கூட நகர முடியாத அந்த வண்டிக்கு முன்னால் நின்றிருந்த அண்ணன், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, துள்ளி ஒதுங்கி வழிவிட்டார்.